யூஎஸ்பி டேட்டா பிளாக்கர்: இரண்டு வருடம் கழித்து

சாவிக்கொத்தில் தொங்கும் இந்தச் சின்னச் சாமானை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பொது இடத்துச் சார்ஜிங் போர்ட்டுக்கும் நம் கேபிளுக்கும் நடுவில் செருகினால் கரண்ட் மட்டும் போகும், டேட்டா போகாது. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். சாதாரண யூஎஸ்பி-ஏ முனையில் நான்கு தகடுகள் இருக்கும்; இதில் ஓரத்து இரண்டுதான். டேட்டாவுக்கான நடு இரண்டும் கிடையாது. சார்ஜிங் போர்ட் வழியாகப் போனுக்குள் நுழையப் பார்க்கும் எந்த ஹேக்கரும் இல்லாத கம்பியை ஒன்றும் செய்ய முடியாது.

வித்தியாசம் தெரிந்தது ஒரு வாடகைக் காரில். சார்ஜ் ஏற்றத்தான் செருகினேன். போனை இணைக்கட்டுமா என்று காரின் திரை கேட்டது, தொடர்பு எண்களுக்கு அனுமதி தரச் சொல்லி போனும் கேட்டது. பிளாக்கரைப் போட்டதும் இரண்டும் கப்சிப்.

குறை என்றால் வேகம். சில ஃபாஸ்ட் சார்ஜிங் முறைகளில் எத்தனை வோல்ட் வேண்டும் என்று போன் கேட்பதே அந்த டேட்டா கம்பிகள் வழியாகத்தான். அவை இல்லாதபோது 5 வோல்ட்டில் மெதுவாக ஏறும். அவசரத்தில் எரிச்சல் வரும். பிளாக்கரையே எப்படி நம்புவது என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. வாங்கியதும் என் கணினியில் செருகி, போன் அதில் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை, சரி.

முதலில் எல்லாம், போன்தான் அனுமதி கேட்கிறதே, இதெல்லாம் எதற்கு என்றுகூடத் தோன்றும். 2025இல் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய 'சாய்ஸ்ஜாக்கிங்' அந்த நினைப்பைக் கெடுத்தது. சார்ஜர் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு, நம் திரையில் வரும் கேள்விக்குத் தானே 'சரி' அழுத்திவிடுகிறது! பெரும்பாலும் போன் அன்லாக் ஆகியிருந்தால்தான் இது பலிக்கும். அதனால் வெளியில் சார்ஜ் ஏறும்போது போனை லாக் செய்துவிட்டுத் தொடுவதே இல்லை, அப்டேட்டையும் தள்ளிப்போடுவதில்லை. அப்போதுதான் போன் செட்டிங்ஸில் இருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் திறந்து பார்த்தேன். எப்போதோ ஒரு வேலைக்கு ஆன் செய்த யூஎஸ்பி டீபக்கிங் (கேபிள் வழியாகக் கணினி போனுக்குக் கட்டளையிட விடும் வசதி) அப்படியே ஆனில் கிடந்தது. பிளாக்கர் வாங்கத் தெரிந்த எனக்கு இதைப் பார்க்கத் தெரியவில்லை. ஐபோனில் 2018இலேயே, ஐஓஎஸ் 11.4.1 முதல், போன் லாக் ஆகி ஒரு மணி நேரம் கழிந்தால் யூஎஸ்பி டேட்டா தானாக அடைபடும் வசதி வந்துவிட்டது.

இப்போது பையில் பவர் பேங்க் இருக்கிறது. அது தீர்ந்த நாளில்தான் பிளாக்கர் வெளியே வரும். போன மாதம் ஒரே ஒரு தடவை.