ஆம்னி வேன்: சுமைக்கு நல்ல வண்டி, குழந்தைகளுக்கு ஆகாத வண்டி

மாருதி ஆம்னி வேனின் தயாரிப்பு 2019ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் சிறுதொழில் தொடங்க நினைக்கும் ஒருவர் பழைய வண்டிச் சந்தைக்குப் போனால், அவருக்குக் காட்டப்படும் வண்டிகளில் இன்றும் ஓர் ஆம்னி இருக்கிறது. குடும்பத்தோடு ஊருக்குப் போவதற்கான காராக இதை மதிப்பிடுவதில் இனிப் பயன் இல்லை. நம் மக்கள் இந்த வண்டியை எந்தெந்த வேலைகளுக்கு வைத்துக்கொண்டார்கள், அவற்றுள் எதற்கு அது உண்மையிலேயே பொருந்துகிறது, எதற்குப் பொருந்தவே பொருந்தாது என்று சொல்வதுதான் வாங்க நினைப்பவருக்கு உதவும் என்பதால், அந்த நோக்கிலேயே இதை எழுதுகிறேன்.

1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, சில ஆண்டுகளில் ஆம்னி என்று பெயர் மாறிய இந்த வண்டி, ஜப்பானின் சுசுகி நிறுவனம் தயாரித்த கேரி என்ற சிறு வேனின் வழியில் வந்தது. மாருதி 800 காரில் இருந்த அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின், இதில் முன் இருக்கைகளுக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினுக்கென்று முன்னால் தனி இடம் தேவைப்படாததால், ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளமே உள்ள இந்தச் சிறிய வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இடம் முழுவதும் சுமைக்குக் கிடைத்துவிடுகிறது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டால் தரை ஏறத்தாழச் சமமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவுகள், பின்னால் மேல்நோக்கித் திறக்கும் டிக்கிக் கதவு, பின் சக்கரங்களுக்குப் போகும் எஞ்சின் விசை, சுமை தாங்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் என்று இதன் ஒவ்வொரு பகுதியும் சரக்கை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது. இந்த வண்டியின் எல்லாப் பயன்களுக்கும், கீழே நான் சொல்லப்போகும் ஆபத்துகளுக்கும் இந்த அமைப்புதான் காரணம்.

மதிய வேளையில் சென்னைப் புறநகர்ச் சாலைகளிலோ நெடுஞ்சாலை ஓரங்களிலோ போகிறவர்கள், டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்திப் பிரியாணி விற்கும் ஆம்னிகளைப் பார்த்திருப்பார்கள். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பழைய வண்டியை நான் பார்த்ததில்லை. வீட்டிலோ சமையற்கூடத்திலோ தம் போட்டு இறக்கிய தேக்சாவை இரண்டு பேர் தூக்கி நேராக உள்ளே தள்ளிவிடும் அளவுக்குத் தரை தாழ்வாக இருக்கிறது. திறந்து நிற்கும் டிக்கிக் கதவு, பரிமாறுகிறவரின் தலைக்கு மேல் நிழலாகவும் தூறலுக்கு மறைப்பாகவும் ஆகிவிடுகிறது. பக்கக் கதவை நகர்த்தித் திறந்தால் பார்சல் பைகளும் வெங்காயப் பச்சடியும் கைக்கு எட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்கு முன்பணம் கொடுக்கவும் மாத வாடகை கட்டவும் வழியில்லாத ஒரு குடும்பம், தன் கைப்பக்குவத்தை மட்டும் நம்பித் தொழிலில் இறங்க இந்த வண்டி இடம் கொடுத்திருக்கிறது. விற்றுத் தீர்ந்ததும் கதவை மூடிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஓர் இடத்தில் வியாபாரம் இல்லையென்றால் அடுத்த வாரமே வேறோர் இடத்தில் நிற்கலாம்.

ஆனால் சமைத்த உணவைக் கொண்டுபோய் விற்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சினும் பெட்ரோல் குழாய்களும் உட்கார்ந்திருக்கும் வண்டிக்குள்ளேயே அடுப்பைப் பற்றவைத்து பஜ்ஜி போடுவதையும் தேநீர் கொதிக்கவைப்பதையும் சில இடங்களில் பார்க்கிறேன். அது உயிரோடு விளையாடுவது. அடுப்பு தேவையென்றால் வண்டியை விட்டுத் தள்ளித் தரையில் வைத்துக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது சிறு விற்பனையாளருக்கும் கட்டாயம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மைக் செட் வைத்திருப்பவர்களும் ஆம்னியை விரும்பி வாங்கினார்கள். குழாய் ஸ்பீக்கர்கள், ஆம்ப்ளிஃபையர், சீரியல் விளக்குச் சரங்கள், சவுக்குக் கம்புகளை மேலே கட்டிக்கொள்ள ஒரு கேரியர் என்று ஒரு சிறு கோயில் திருவிழாவுக்கு வேண்டியவை எல்லாம் ஒரே நடையில் போய்விடும். மழை வந்தால் நனையாது என்பது, திறந்த சுமை ஆட்டோவில் கருவிகளைக் கொண்டுபோய் இழந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. நான்கு மீட்டரைச் சற்றே தாண்டும் திருப்பு ஆரம் இருந்தால் போதும் என்பதால், தேர் வீதிக்குப் பின்னால் உள்ள குறுகிய சந்துகளில்கூட வண்டியைத் திருப்பிவிடலாம். திருமணச் சமையற்காரர்கள், பூ வியாபாரிகள், ஊர் ஊராகப் போய் நைட்டியும் போர்வையும் விற்பவர்கள், செய்தித்தாள் கட்டுகளை விடியற்காலையில் இறக்குபவர்கள் ஆகியோருக்கும் இதே காரணங்களால் இது ஒத்துப்போனது. திரைப்படங்களில் ஆள் கடத்தலுக்கு எப்போதும் இந்த வேனே வருவதற்கும் அந்த ஸ்லைடிங் கதவைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆம்புலன்ஸ் வேலையைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008இல் தொடங்குவதற்கு முன், சிறு நகரங்களில் ஒரு நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், தனியார் மருத்துவமனையோ தொண்டு அமைப்போ வைத்திருந்த ஆம்னிதான் பெரும்பாலும் வந்து நின்றது. மாருதி நிறுவனமே ஸ்ட்ரெச்சர் பொருத்திய ஆம்புலன்ஸ் வகையை விற்றது. பெரிய வண்டி நுழைய முடியாத தெருவுக்குள் வாசல்வரை வந்து, எத்தனையோ பேரை உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி இது. அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சரை வைத்தபின் உடன் வருபவர் முழங்காலை மடக்கி உட்காரத்தான் இடம் இருக்கும். கூரை தாழ்வாக இருப்பதால் உள்ளே நிற்க முடியாது. நோயாளியின் மார்பை அழுத்தி உயிர் மீட்க வேண்டிய நிலை வந்தால், ஓடும் வண்டிக்குள் அதை முறையாகச் செய்ய இயலாது. இப்போது ஆம்புலன்ஸ்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 125 என்ற தனித் தரநிலை இருக்கிறது. நடக்க முடியாத முதியவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய் வருவது போன்ற அவசரமில்லாத பயணத்துக்கு ஆம்னி போதும். அவசர சிகிச்சைக்கு இதை வைத்திருக்கும் அமைப்புகள், நன்கொடை திரட்டியாவது மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்வதற்கு ஆம்னியை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். எதிரெதிர் இருக்கைகள் கொண்ட வகையில் ஓட்டுநரோடு சேர்த்து எட்டுப் பேர் உட்காரலாம். அதில் நடுவே பலகை போட்டு, மடியில் ஒன்றும் மூலையில் ஒன்றுமாக அதைப்போல் இருமடங்கு குழந்தைகளை அடைத்துக்கொண்டு போவதைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று. முன் இருக்கையில் இருப்பவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் இடையில் ஒரு தகடும் கண்ணாடியும்தான் இருக்கின்றன. மோதலின் வேகத்தைத் தாங்கி நசுங்குவதற்கு முன்பகுதி என்று எதுவும் இல்லை. 2019 அக்டோபர் முதல் விற்பனையிலுள்ள எல்லாக் கார்களும் மோதல் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி வந்ததையொட்டித்தான் இந்த வண்டியே கைவிடப்பட்டது. 2020 பிப்ரவரியில் பஞ்சாபின் லோங்கோவாலில் மிகப் பழைய பள்ளி வேன் ஒன்று தீப்பிடித்து நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மாதக் கட்டணத்தில் சில நூறு ரூபாய் மிச்சமாகிறது என்பதற்காகப் பழைய வேனில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், ஒரு நாளாவது அந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இந்த ஆபத்தைப் பெருக்குவது முறையற்ற எரிவாயு இணைப்பு. எல்.பி.ஜி. பொருத்திய ஆம்னியை நிறுவனமே விற்றிருக்கிறது. முறையான கிட்டில் குறை இல்லை. சமையல் சிலிண்டரிலிருந்து மோட்டார் வைத்து எரிவாயு ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சட்டவிரோதமானது, அதைவிட முக்கியமாக, உள்ளே இருப்பவர்களைக் கொல்லக்கூடியது.

தொழிலுக்காக வாங்குபவர் பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது துரு. ஸ்லைடிங் கதவு ஓடும் கீழ்த் தண்டவாளம், மிதிவிரிப்புக்கு அடியில் உள்ள தரை, பின் சக்கர வளைவுகள் ஆகிய மூன்றையும் கையால் தடவியும் தட்டியும் பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியென்றால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். முன் இருக்கையைத் தூக்கி எண்ணெய்க் கசிவையும், முன்னாலுள்ள ரேடியேட்டருக்குப் போகும் நீண்ட தண்ணீர்க் குழாய்களையும் சரிபார்ப்பது அவசியம். கோடையில் ஏற்றத்தில் சூடேறி நிற்கும் ஆம்னிகளில் பெரும்பாலும் அந்தக் குழாய்களில்தான் பழுது இருக்கும். இருக்கைக்கு அடியிலிருந்து வரும் வெப்பம் இந்த வண்டியின் இயல்பு. நாள் முழுதும் ஓட்டுபவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். நகரத்துக்குள் லிட்டருக்கு 12 முதல் 14 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். உதிரி பாகங்களுக்கு இன்னும் தட்டுப்பாடு இல்லை, மாருதி 800 தெரிந்த எந்த மெக்கானிக்கும் இந்த எஞ்சினைப் பிரித்துச் சேர்த்துவிடுவார்.

ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, வண்டியின் வகை ஆகியவை நேரில் உள்ளபடியே பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கலாம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைச் சுமைக்கு ஓட்டினால், விபத்து நேரும்போது காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். 2019இல் பதிவான கடைசி வண்டிகளுக்குப் பதிவுக் காலம் 2034 வரை இருக்கிறது. அதற்கு முந்தியவற்றில் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மாருதி 2010இல் கொண்டுவந்த ஈக்கோ வேன், எஞ்சின் வலுவிலும் இடவசதியிலும் மேலானது. ஆனால் காற்றுப் பை இல்லாத ஈக்கோ 2016இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதனால் ஆட்களை ஏற்றும் வேலைக்குப் பழைய ஈக்கோவை ஆம்னிக்கு மாற்றாக நான் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையில் நாள்தோறும் நெடுந்தூரம் போக வேண்டிய சரக்குக்கு ஈக்கோவை வாங்கலாம். ஊருக்குள்ளேயே, மெதுவான வேகத்தில், பிரியாணியோ பூவோ மைக் செட்டோ கொண்டுபோகிறவருக்கு, துருப்பிடிக்காத, பெட்ரோலில் மட்டும் ஓடும், 2012க்குப் பிந்தைய ஓர் ஆம்னி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.