வேகமானியா, காகிதமா: ஸ்கோப் அமைக்க எதை நம்புவது?

50 மீட்டரில் ஜீரோ செய்த, அதாவது குறிவைத்த புள்ளியிலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) அமைத்த .22 ரைஃபிளை அப்படியே 100 மீட்டருக்குக் கொண்டு போனால் குறி கைவிட்டுவிடும். நொடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும் வழக்கமான 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டு, அங்கே 20 செ.மீ.க்கும் கீழே போய்ப் பதியும். ஸ்கோப்பின் திருகை எத்தனை கிளிக் ஏற்றுவது? வேகமானியால் குண்டின் வேகத்தை அளந்து, குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலியில் போட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் சுட்டுப் பார்த்து, காகிதத்தில் இறக்கத்தை டேப் பிடித்து அளக்கலாம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கருவியின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். நான் காகிதத்தின் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒளி வேகமானி. இரண்டு சென்சார்களுக்கு மேலே குண்டின் நிழல் கடக்கும் நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லும். இருப்பதில் விலை குறைவு இதுதான். ஆனால் நம்ம ஊர் வெயில் இதற்கு ஆகாது. சென்சாரில் நேர் வெயில் பட்டால் சில குண்டுகளைக் கவனிக்காமலே விட்டுவிடும், சிலதுக்கு நம்ப முடியாத எண்ணைக் காட்டும். மேலே வெள்ளைத் தகடு கட்டாமல் சித்திரை, வைகாசியில் இதை வெளியே எடுக்க வேண்டாம். சரி, உள்ளே வைத்துச் சுடலாம் என்றால், டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கி அதையும் குழப்பும். இரண்டு சென்சாருக்கும் நடுவே 60 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 6 மி.மீ. பிசகினால் வேகம் ஒரு சதவீதம் தப்பு. தவிர, பேரலுக்குச் சில மீட்டர் முன்னால் வைத்து அளப்பதால், வருவது பேரலை விட்டு வெளியேறும் நொடியின் வேகம் இல்லை. அந்தத் தூரத்தையும் செயலியில் குறிப்பிட வேண்டும்.

மேக்னெட்டோஸ்பீட் மாதிரி பேரலில் கட்டும் காந்தக் கருவிக்கு வெயில், மழை பொருட்டில்லை. ஆனால் பேரலில் எடை தொங்கினால் குண்டு விழும் இடம் மாறும். அதனால் வேகம் ஒரு நாள், குரூப் (ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகளின் கூட்டம்) ஒரு நாள் என்று தோட்டாவை இரட்டிப்பாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். எனக்கு இது ஒத்துவரவில்லை.

ரேடார் வேகமானியில் குறை சொல்ல அதிகமில்லை. லேப்ராடார் முதலில் வந்தது; 2023-இல் வந்த கார்மின் ஸீரோ உள்ளங்கையில் அடங்கிவிடும். ரைஃபிளைத் தொடாமல் பக்கத்தில் வைத்தால் போதும். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை இதுபோல வேறெதுவும் சுலபமாகக் காட்டாது. அந்த ஏற்ற இறக்கம் முக்கியம்: ஒரு குண்டு 10 மீ/வி மெதுவாகப் போனால் 100 மீட்டரில் சுமார் 3 செ.மீ. கூடுதலாக இறங்கும். மலிவான தோட்டாவில் குரூப் மேலும் கீழுமாக நீளுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விலைதான் தலைவலி. அமெரிக்காவில் அறிமுகமானபோதே 600 டாலர், அதாவது இறக்குமதிச் செலவு சேர்க்காமலே ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம்.

இந்த வேகக் கணக்கைத் தொடங்கி வைத்தவருக்கும் நம் ஆற்காட்டுச் சீமைக்கும் ஒரு தொடர்பு உண்டு. குண்டை ஊசலில் மோதவிட்டு வேகம் அளக்கும் முறையை 1742-இல் எழுதிய பெஞ்சமின் ராபின்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க இங்கே வந்தார். 1751-இல் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து முற்றுகைக்குள் இருந்ததும் அதே ஆண்டுதான்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். எந்தக் கருவியும் வேகத்தை மட்டும்தான் சொல்லும். உங்கள் ஸ்கோப் ஒரு கிளிக்குக்கு உண்மையில் எவ்வளவு நகர்கிறது என்பதைச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். உயரமான அட்டையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலை ஒட்டிச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். 50 மீட்டரை நடந்து அளக்காமல் டேப்பால் அளந்து அட்டையை நிறுத்துங்கள். ஸ்கோப்பின் குறுக்குக் கம்பி கோட்டோடு ஒட்டி நிற்கிறதா பார்த்து, கீழ்ப்புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டு. அப்புறம் ஸ்கோப்பில் 10 மில் ஏற்றி (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதே புள்ளியைக் குறிவைத்து இன்னொரு ஐந்து. இரண்டு குரூப்பின் நடுவுக்கும் இடையே சரியாக 50 செ.மீ. இருக்க வேண்டும். 49 இருந்தால் ஸ்கோப் இரண்டு சதவீதம் குறைவாக நகர்கிறது. மேல் குரூப் கோட்டை விட்டு ஒதுங்கியிருந்தால் ஸ்கோப் குறுக்குக் கம்பியின் திசையில் நேராக நகரவில்லை.

இரண்டு சதவீதம் என்பது 100 மீட்டரில் அரை செ.மீ.கூட வராது. 200 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டியிருப்பதால் 3 செ.மீ. ஆகிவிடும். இதைப் பார்க்காதவர்கள் செயலியில் வேகத்தைக் குறைத்துப் போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். அந்தத் தூரத்துக்குக் கணக்கு ஒத்துவரும், அடுத்த தூரத்தில் மறுபடி இடிக்கும். ஸ்கோப்பைச் சோதித்த பிறகு 50, 75, 100 மீட்டரில் கிளிக் மாற்றாமல் சுட்டு இறக்கத்தை அளந்து, அதற்கு ஒத்துவரும் வேகத்தைச் செயலியில் போடுவதே சரியான வரிசை. காற்றழுத்தம் கேட்கும் இடத்தில் வானிலைச் செயலி காட்டும் கடல்மட்ட எண்ணைப் போடாதீர்கள். வேலூர் 200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஏலகிரி 1,000 மீட்டரைத் தாண்டும்.

காகித வழியின் ஒரே பெரிய சிரமம் இடம். உரிமமுள்ள துப்பாக்கி, அனுமதி பெற்ற ரேஞ்ச், பின்னால் மண்மேடு, இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சுடக் கூடாது. பாலாற்று மணல் காலியாகத்தானே கிடக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும்.

தனி ஆளாக இருந்தால் ரேடார் காசை நல்ல தோட்டாவுக்குப் போடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து பயிற்சி செய்தால் ஒரு ரேடாரைப் பொதுவில் வாங்குவது நியாயம். ஒளி வேகமானியை இந்த வெயிலுக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எதை வாங்கினாலும் மார்கழிக் காலையில் எடுத்த எண்ணை அக்னி நட்சத்திரத்தில் அப்படியே நம்பாமல் மறுபடி காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். 18 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவே காற்றின் அடர்த்தியே ஏழு சதவீதம் குறைகிறது. தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள். மருந்து சூடானால் வேகமும் மாறும்.