ஒரு லிட்டர் விலைக்கு எத்தனை யூனிட்? ஏறும் கரண்ட் பில்லும் மின் காரும்

மின் கார் வாங்கியவர்கள் முதல் கரண்ட் பில்லைப் பார்த்ததும் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள். பெட்ரோல் செலவு சில்லறையாகப் போகும். இன்று பத்து லிட்டர், அடுத்த வாரம் அரை டேங்க் என்று போட்டுக்கொண்டே இருப்போம், யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மின்சாரமோ ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாவற்றோடும் சேர்ந்து மொத்தமாக ஒரே தாளில் வந்து நிற்கும். கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும் காலம் என்றால் கேட்கவே வேண்டாம். "இதுக்குப் பெட்ரோல் காரே தேவலை" என்ற பேச்சு வீட்டுக்குள்ளேயே கிளம்பிவிடும்.

அந்தப் பேச்சு சிலருக்கு உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோரை அடித்தது வீட்டுக் கட்டண உயர்வு அல்ல, வேறொன்று. அதற்கு முன் ஒரு சின்ன வகுத்தல்.

எல்லை எண்

விலை ஊருக்கு ஊர் வேறு, மாதத்துக்கு மாதம் வேறு. அதனால் பணத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் வாங்கும் காசுக்கு உங்கள் இடத்தில் எத்தனை யூனிட் மின்சாரம் கிடைக்கும்? லிட்டர் விலையை யூனிட் விலையால் வகுத்தால் வந்துவிடும்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆனால் சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஓட்டத்துக்குக் கொடுக்கும். மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். மின் மோட்டார் தனக்கு வந்ததில் பெரும்பகுதியை அப்படியே சக்கரத்துக்குக் கடத்துகிறது. போதாததற்கு, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்ப பேட்டரிக்கும் அனுப்புகிறது. மின் காரின் சிக்கனம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இனி நடுத்தர அளவிலான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பெட்ரோலில் லிட்டருக்கு 14 கி.மீ., டீசலில் 18, பிளக் இல்லாத ஹைப்ரிடில் (பெட்ரோல் எஞ்சினுக்குத் துணையாகச் சின்ன பேட்டரியும் மோட்டாரும் உள்ள கார்) 22 என்று வைத்துக்கொள்ளலாம். மின் காரின் டேஷ்போர்டு யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று காட்டுகிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். அது பேட்டரியிலிருந்து செலவானதன் கணக்கு. சுவரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியிலேயே கொஞ்சம் சிந்துகிறது. வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் தனி சார்ஜர்) வைத்திருந்தால் சுமார் பத்து சதவீதம் போகும். சாதாரண பிளக்கில் மெதுவாக ஏற்றினால் இன்னும் கூடுதலாகப் போகும், ஏனென்றால் சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் காரின் கம்ப்யூட்டரும் பம்புகளும் விழித்திருக்கும். 2 கிலோவாட் உள்ளே வரும்போது அதில் 300 வாட் அவற்றுக்குப் போனால் பெரிய இழப்பு, 7 கிலோவாட் வரும்போது அதே 300 வாட் தூசு. சரி, பத்து சதவீதம் கழித்தால் மீட்டர் கணக்கில் யூனிட்டுக்கு 5.4 கி.மீ.

இப்போது 14-ஐ 5.4 ஆல் வகுத்தால் 2.6. அதாவது ஒரு லிட்டரில் பெட்ரோல் கார் போகும் தூரத்துக்கு மின் காருக்கு 2.6 யூனிட் போதும். ஒரு லிட்டர் காசுக்கு 2.6 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும் வரை பெட்ரோல் காரைவிட மின் கார் மலிவு. டீசலுக்கு இந்த எண் 3.3 (டீசல் விலையைப் போட்டு வகுக்க வேண்டும்). ஹைப்ரிடுக்கு 4.1. இதை எல்லை எண் என்று சொல்லிக்கொள்வோம்.

கட்டணம் ஏறட்டும், எதுவரை?

உங்கள் இடத்தில் ஒரு லிட்டர் காசுக்கு 8 யூனிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் விலை அசையாமல் நிற்க, வீட்டு மின்சாரம் மட்டும் மூன்று மடங்கு ஆக வேண்டும், அப்போதுதான் சாதாரண பெட்ரோல் கார் சமத்துக்கு வரும். ஹைப்ரிட் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு போதும். ஆக, பத்து, இருபது, நாற்பது சதவீத உயர்வெல்லாம் எரிச்சலூட்டும், ஆனால் முடிவை மாற்றாது. பழைய பெட்ரோல் காரோடு மின் காரை ஒப்பிட்டுப் பெருமைப்படுவதில் அர்த்தம் இல்லை என்பதும் இதில் தெரிகிறது. உண்மையான போட்டியாளர் ஹைப்ரிட்தான். எங்கேயும் செருக வேண்டாம், பேட்டரி தீருமோ என்ற பதைப்பு இல்லை, செலவிலும் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

வீட்டுக்கு வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் ஏற்றினால் கதையே வேறு. அந்த யூனிட்டுக்கு வீட்டு விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு கேட்பது பல நாடுகளில் சாதாரணம். பேராசை மட்டும் காரணமல்ல. டிரான்ஸ்ஃபார்மர், உயர் அழுத்த இணைப்பு, இடத்து வாடகை, யாரும் வராத நேரத்திலும் கட்ட வேண்டிய டிமாண்ட் சார்ஜ் (இணைப்பின் உச்ச மின் தேவைக்கான கட்டணம்) எல்லாம் அந்த விலையில் ஏறுகின்றன. பிரிட்டனில் வரியே இரண்டு விதம்: வீட்டு மின்சாரத்துக்கு 5% மதிப்புக் கூட்டு வரி, பொது சார்ஜரில் 20%.

மூன்று மடங்கு என்று போட்டுப் பார்ப்போம். 8 யூனிட் 2.7 ஆகச் சுருங்கிவிடும். பெட்ரோல் காரோடு சமம், ஹைப்ரிடிடம் தெளிவான தோல்வி. வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர், அடுக்குமாடியில் பார்க்கிங் இருந்தும் இணைப்புக் கிடைக்காதவர் இருக்கும் இடம் இதுதான். கட்டண உயர்வு பற்றிய புலம்பலில் பாதி இவர்களுடையது. அதில் நியாயமும் இருக்கிறது.

நடுவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஐந்தில் நான்கு பங்கை வீட்டிலும் ஒரு பங்கை மூன்று மடங்கு விலையில் வெளியிலும் ஏற்றினால் சராசரி யூனிட் விலை 1.4 மடங்கு. அதாவது வீட்டுக் கட்டணம் 40% ஏறுவதும், சார்ஜில் ஐந்தில் ஒன்றை வெளியே போடுவதும் பர்ஸுக்கு ஒன்றேதான். முதலாவதற்கு ஊரே கூச்சல் போடும். இரண்டாவதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

ஊருக்குள் ஒன்று, நெடுஞ்சாலையில் ஒன்று

எல்லை எண் ஒரே இடத்தில் நிற்காது. நெரிசலில் பெட்ரோல் கார் நின்று நின்று குடிக்கும்: லிட்டருக்கு 10, 11. மின் காருக்கு அதுதான் சொந்த ஊர். நின்றால் மோட்டார் செலவழிக்காது, பிரேக் பிடித்தால் கொஞ்சம் திரும்பி வரும். மீட்டர் கணக்கிலேயே யூனிட்டுக்கு 6.3 ஓடினால் எல்லை எண் 1.7 ஆக இறங்கிவிடும். அந்த நிலையில் ஃபாஸ்ட் சார்ஜர் விலை கொடுத்தாலும் பெட்ரோல் காருக்கு நட்டம்தான். ஹைப்ரிட் மட்டும் இங்கேயும் விடாது, ஏனென்றால் பிரேக் ஆற்றலைத் திரும்பப் பிடிக்கும் வித்தை அதற்கும் தெரியும்.

நெடுஞ்சாலையில் எல்லாம் தலைகீழ். காற்றை எதிர்த்துத் தள்ளும் செலவு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 90-லிருந்து 120-க்குப் போனால் கிலோமீட்டருக்கு அந்தச் செலவு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. பெட்ரோல் எஞ்சின் சீரான வேகத்தில் திறமையாக ஓடுவதால் இந்த அடியில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். மின் மோட்டார் எப்போதுமே திறமையாக ஓடுவது, அதற்கு மேல் கூட்ட எதுவும் இல்லை, அடி முழுதாக விழும். பெட்ரோல் 17, மின் கார் 4.8 என்று வந்தால் எல்லை எண் 3.5. அப்புறம், அந்த நெடுஞ்சாலையில்தான் வீட்டுப் பிளக் கிடையாது. எல்லை ஏறும் இடத்திலேயே யூனிட்டும் விலை ஏறுகிறது. மாதத்தில் பாதி நாள் நீண்ட தூரம் போகும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால் ஹைப்ரிடையோ டீசலையோதான் சொல்வேன், சங்கடமே இல்லாமல்.

குளிர் நாடுகளில் இன்னொரு உபரிச் செலவு. பெட்ரோல் காரில் உள்ளே சூடேற்றுவது இலவசம், வீணாகும் எஞ்சின் வெப்பமே போதும். மின் கார் அதையும் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும். ஹீட் பம்ப் (ஏசியைத் திருப்பி ஓட்டுவது போல வெளி வெப்பத்தை உள்ளே இழுக்கும் கருவி) இருந்தால் தாங்கும், வெறும் ஹீட்டர் காயில் என்றால் சின்னச் சின்னப் பயணங்களில் நன்றாகவே கடிக்கும். வெயில் நாட்டு ஏசி இந்த அளவுக்குச் சாப்பிடாது. நிறுத்தியிருக்கும்போதே சுற்றுமுற்றும் படம் பிடிக்கும் காவல் கேமராவை மட்டும் கவனியுங்கள். அது 250 வாட் இழுத்தால் ஒரு நாளுக்கு 6 யூனிட். கார் நகராமலேயே முப்பது கிலோமீட்டர் ஓட்டம் காலி.

எந்த யூனிட்டின் விலை?

எல்லோரும் தவறுவது இங்கேதான். பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து "நம் யூனிட் இவ்வளவு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வீட்டின் சராசரி. காரின் விலை அதுவல்ல.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் 185 யூனிட். வீடு ஏற்கெனவே 250 யூனிட் எரிக்கிறது என்றால் கார் வந்து உட்காருவது அதற்கு மேலே. அடுக்கு முறைக் கட்டணம் உள்ள இடங்களில் மேல் அடுக்குதான் மிக விலை கூடியது. ஆகவே காரின் 185 யூனிட்டும் அந்த விலையில்தான் கணக்காக வேண்டும். சில இடங்களில் ஒரு வரம்பைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை மாறும். அங்கே கார், ஃபிரிட்ஜின் செலவையும் ஏற்றிவிடுகிறது. கட்டணம் ஏறும்போது மேல் அடுக்கு கூடுதலாக ஏறினால், "10% உயர்வு" என்ற செய்தி கார் வைத்திருப்பவருக்கு 10% ஆக இருக்காது. காருக்கென்று தனி மீட்டரும் தனிக் கட்டணமும் தருகிற இடமாக இருந்தால் இந்தத் தலைவலி பெரிதும் தீரும். மாறாக, நிலையான மாதக் கட்டணத்தைக் காரின் தலையில் கட்டக் கூடாது. கார் இல்லாவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டுமே.

நேரத்துக்கு ஏற்ற கட்டணம் கேட்க இனிப்பாக இருக்கும்: இரவில் பாதி விலை. பகலில் 15% கூட என்பது சின்ன எழுத்தில் இருக்கும். பகல் நேரத்தில் வீடு 200 யூனிட் எரித்தால் கூடுதலாகப் போவது 30 யூனிட்டின் காசு. காரின் 185 யூனிட்டையும் இரவில் ஏற்றினால் மிச்சம் 92 யூனிட்டின் காசு. நல்ல லாபம். ஆனால் மாதம் 200 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் 18, நட்டம் 30. கார் ஓடாத வீட்டுக்கு இந்தத் திட்டம் வேண்டாம்.

கூரையில் சோலார் போட்டவர்கள் "எனக்கு ஓசி" என்பார்கள். மின்வாரியம் உங்கள் உபரியை வாங்கிக்கொள்கிறது என்றால், காருக்குள் போகும் ஒவ்வொரு யூனிட்டும் விற்காமல் விட்ட யூனிட். அதன் விலை, அவர்கள் தரும் கொள்முதல் விலை. மலிவுதான், ஓசி இல்லை. வெயில் அடிக்கும் நேரத்தில் கார் வீட்டில் நிற்க வேண்டும் என்பது தனிப் பிரச்சினை.

பிளக்-இன் ஹைப்ரிட், அதாவது செருகியும் சார்ஜ் ஏற்றக்கூடிய ஹைப்ரிட் பற்றி ஒரு வரி போதும். ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட தரவின்படி, அந்த வகைக் கார்கள் சாலையில் விடும் கார்பன் டை ஆக்சைடு, ஆய்வகக் கணக்கைப் போலச் சராசரியாக 3.5 மடங்கு. செருகாமல் ஓட்டினால் அது வெறும் கனமான பெட்ரோல் கார்.

சர்வீஸில் மின் கார் முன்னே: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், கிளட்ச், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை, பிரேக் பேடும் நீண்ட நாள் வரும். எடையும் எடுப்பும் கூடுதல் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். இன்சூரன்ஸ் பல இடங்களில் அதிகம், சர்வீஸில் மிச்சமானதில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும்.

இரண்டு விலையும் அசையும்

2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு ஐரோப்பாவில் இயற்கை எரிவாயு விலை எகிறியது. அங்கே பல நேரம் மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலையை நிர்ணயிப்பது, தேவையை ஈடுகட்டக் கடைசியாக ஓடும் எரிவாயு மின் நிலையம்தான், அதனால் மின்சாரமும் எகிறியது. பெட்ரோலும் சும்மா இருக்கவில்லை. வித்தியாசம் வேகத்தில்தான். பெட்ரோல் பங்க்கில் விலை நாள்கணக்கில் ஏறும், இறங்கும். வீட்டுக் கட்டணம் ஒழுங்குமுறை ஆணையம் வழியாக மாதங்கள் பிந்தி ஏறும், பிந்தியே இறங்கும். பெட்ரோல் இறங்கி, கரண்ட் இன்னும் இறங்காத இடைவெளியில் கணக்குப் போட்டவர்கள் மின் கார் தோற்றது என்று எழுதினார்கள். ஒரு வருடச் சராசரியைப் பார்ப்பதுதான் நியாயம்.

இன்னொரு செலவு இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. பெட்ரோல் விலைக்குள்ளேயே சாலைக்கான வரி ஒளிந்திருக்கிறது, மின்சாரத்தில் அது இல்லை. அரசாங்கங்கள் அந்த ஓட்டையை அடைக்கின்றன. ஐஸ்லாந்து 2024 ஜனவரியிலும் நியூசிலாந்து அதே ஆண்டு ஏப்ரலிலும் மின் கார்களிடம் ஓடிய தூரத்துக்குக் கட்டணம் வாங்க ஆரம்பித்தன. உங்கள் நாட்டிலும் வந்தால், கிலோமீட்டருக்கு அவர்கள் கேட்கும் தொகையை 5.4 ஆல் பெருக்கி யூனிட் விலையோடு கூட்டிவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள். 8 என்று இருந்தது 5 ஆகியிருக்கலாம். ஹைப்ரிடின் 4.1 அங்கேயேதான் இருக்கும்.