சிக்கிமுக்கிக் கல்லா, பிரைமரா?

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கிகளில் பழைய பாணி, புதிய பாணி இரண்டையும் வைத்திருக்கிறேன். இரண்டும் .50 அளவுதான், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம்; குணம் வேறு வேறு.

புதியதில், அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் 209 பிரைமர் என்ற சிறு உலோக மூடி குழலின் பின்முனையில் நேராக அமர்கிறது. விசையை இழுத்த கணமே வெடிக்கிறது. குழலின் உட்சுவரில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் மரைவரிப் பள்ளம், நீள்குண்டை நிலையாகச் சுழற்றி அனுப்புகிறது. பின்னடைப்பைக் கழற்றினால் குழல் முழுவதும் வெளிச்சம் தெரியும், துடைப்பது எளிது. மழையில் வேட்டைக்குப் போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் என் மனம் பழைய பாணிக் கல் துப்பாக்கியில்தான் கிடக்கிறது. கல் எஃகில் உரச, குழலின் பக்கவாட்டிலுள்ள கிண்ணியில் மருந்து புஸ்ஸென்று பற்ற, அதன் பிறகுதான் குண்டு கிளம்பும். அந்த இடைவெளியில் கை அசையவே கூடாது. இதைப் பழக எனக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது. எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் பொதிந்த ஈய உருண்டை, கோலின் அழுத்தத்துக்கு இணங்கி வழுக்கி இறங்கும் சுகமே தனி.

எதை வாங்கினாலும், கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவேற்றிவிடும். அன்றிரவே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். வாங்குமுன் உங்கள் பகுதி வேட்டை விதிகளையும் பாருங்கள். சில இடங்களில் குறிப்பிட்ட பருவத்தில் கல் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி.