டிஜே கன்ட்ரோலருக்கு ஆர்கேட் பட்டன் போடக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் கல்யாணத்துக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் டிஜே போடும் தம்பிமார் கட்டாயம் வாசியுங்கள். லேப்டாப்பில் ஓடும் பாட்டைக் கையால் இயக்கும் டிஜே கன்ட்ரோலரின் ரப்பர் பேடுகளைக் கழற்றிவிட்டு, வீடியோ கேம் மெஷினில் இருப்பது போன்ற ஆர்கேட் பட்டனும் கலர் லைட்டும் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு ரிப்பேர் கடை என் காசையும் வாங்கிக்கொண்டு கன்ட்ரோலரையும் கெடுத்துவிட்டது.

பேசும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஜப்பான் சன்வா பட்டன், 24 மில்லிமீட்டர், மொத்தம் 16. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கலர் லைட். முழுக் காசையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, "தெரிஞ்ச ஆளுங்களுக்குள்ள பில் எதுக்கு தம்பி" என்றார் கடைக்காரர். வேலையை இழுத்தடித்து, ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் மாலைதான் கையில் தந்தார்கள்.

மணமக்கள் மேடைக்கு வரும் நேரம். நாதஸ்வர ட்ராக் ஓடுகிறது. நான் மூன்று பட்டன்களைச் சேர்த்துப் பிடித்தேன். தொடாத நாலாவது பட்டனில் வைத்திருந்த ஏர் ஹார்ன் அலறியது. சமாளித்துக்கொண்டு போனால், கொஞ்ச நேரத்தில் லைட் எல்லாம் ஒன்றாக வெள்ளைக்கு மாறிய அந்த நொடியே சத்தம் அடியோடு நின்றுவிட்டது. பெண்ணின் மாமா ஓடி வந்து, "என்ன தம்பி, கரண்ட் போச்சா?" என்று கேட்கிறார். மண்டபத்து விளக்கு எல்லாம் பளிச்சென்று எரிகிறது. ஒரு குடும்பம் வருஷக்கணக்காகக் காசு சேர்த்து நடத்தும் கல்யாணம் அது. அந்த மாமாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வந்து பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். துளை போட்ட பிளாஸ்டிக் தூள் அப்படியே உள்ளே கிடக்கிறது. பேடுகளுக்குப் போகும் செப்புத் தடங்களைக் கத்தியால் கீறி அறுத்திருக்கிறார்கள். வயர் பொருத்திய இடமெல்லாம் ஈயம் மங்கலாக உருண்டு நிற்கிறது, அதன் மேல் குளூ கன் பசை. ஒரு இணைப்புக்குக்கூட உறை போடவில்லை, நம்ம ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் அது எத்தனை நாள் தாங்கும்? பட்டன்களில் சன்வா என்று எங்கேயும் இல்லை. நண்பர் ஒருவரிடம் இருக்கும் அசல் சன்வாவில் விரலை வைத்தாலே இறங்கும், இதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது.

ஏர் ஹார்ன் அலறியதற்குக் காரணமும் உள்ளேயே இருந்தது. வயரை மிச்சப்படுத்த பட்டன்களை வரிசையும் நிரலுமாகக் கட்டுவது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் பட்டனுக்கு ஒன்றாக 1என்4148 மாதிரி ஒரு டயோட், அதாவது கரண்டை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும் சின்னச் சாமான், போட வேண்டும். போடாவிட்டால் ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளை அழுத்தும்போது நாலாவதும் அழுத்தியதாகப் போர்டு எடுத்துக்கொள்ளும். சில ரூபாய்ச் சாமான். ஒன்றுகூடப் போடவில்லை.

லைட் கதை அதைவிட மோசம். டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடி ஒன்று முழு வெள்ளையில் ஏறக்குறைய 60 மில்லிஆம்பியர் இழுக்கும். 16 சேர்ந்தால் 960. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500தான், அதிலிருந்துதான் கன்ட்ரோலரும் அதற்குள் இருக்கும் சவுண்ட் கார்டும் ஓடுகின்றன. இவர்கள் அந்த போர்ட்டின் 5 வோல்ட்டையே லைட்டுக்கும் இழுத்துவிட்டார்கள். அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைவதும் போய்விட்டது, ஆர்கேட் பட்டனுக்குத் தெரிந்தது ஆன், ஆஃப் மட்டும்தான். அதையும் வேலை எடுக்கும்போது யாரும் சொல்லவில்லை.

திரும்பக் கொண்டு போனபோது, "உங்க லேப்டாப்லதான் பிரச்சினை" என்றார்கள். வேறு லேப்டாப்பில் அதே கோளாறைக் காட்டினேன். "கழட்டின சாமானுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போனும் எடுப்பதில்லை.

ஆர்கேட் பட்டன் ஆசை இருந்தால் கன்ட்ரோலரைத் திறக்கவே விடாதீர்கள். தனிப் பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். ஆர்டுயினோ லியனார்டோ அல்லது டீன்சி போர்டு போட்டால் டிரைவர் இல்லாமலே லேப்டாப் அதை மிடி (இசைக் கருவிகள் கம்ப்யூட்டரோடு பேசும் முறை) கருவியாக எடுத்துக்கொள்ளும், டிராக்டர் (Traktor), வர்ச்சுவல் டிஜே மாதிரி டிஜே மென்பொருளில் பட்டனுக்கு வேலை ஒதுக்கிக்கொள்ளலாம். லைட்டுக்குத் தனி 5 வோல்ட் பவர் வேண்டும், கிரவுண்டை மட்டும் போர்டோடு சேர்க்க வேண்டும். அப்புறம், டயோட் எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என்னைப் போல மாட்டியவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழைக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், 3 மாதத்துக்குள் போக வேண்டும். கேட்டால் பில் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. தர மறுத்திருந்தால் அதையும் எழுதி, காசு போட்ட பேங்க் சீட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் திறந்து எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன்.