புதுமைப் பெண் திட்டம்: விண்ணப்பத்தைவிட வங்கிக் கணக்கில்தான் கவனம் வேண்டும்

என் அண்ணன் மகள் 2024ஆம் ஆண்டு ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைக் கணிதம் படிக்கச் சேர்ந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அவள் படித்தது அரசுப் பள்ளியில் என்பதால், மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்திற்கு அவளுக்காக நான் அலைந்து திரிந்தேன். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கப்பட்ட திருமண உதவித் திட்டத்தைத்தான் தமிழ்நாடு அரசு உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிவைத்தது. தாலிக்குத் தங்கம் என்று கொடுத்துவந்த உதவியைப் படிப்புக்குத் திருப்பியது மிகச் சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து. இதற்குக் குடும்ப வருமான வரம்பு கிடையாது. சாதி வரையறையும் கிடையாது. வேறு கல்வி உதவித்தொகை வாங்குகிறவர்களும் இதைப் பெறலாம். இளநிலைப் பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி எதுவானாலும் படிப்பு முடியும்வரை பணம் வரும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்றால் மொத்தம் 36,000 ரூபாய். அஞ்சல்வழிக் கல்விக்குக் கிடையாது.

விண்ணப்பிக்கும் வேலை நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. இ-சேவை மையத்தில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. வருமானச் சான்றிதழும் கேட்கவில்லை. கல்லூரியில் இதற்கென ஒரு பேராசிரியரைப் பொறுப்பாளராக வைத்திருக்கிறார்கள். ஆதார் அட்டை, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களையும், பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) அவரிடம் ஒப்படைத்தால், அவரே இணையத்தில் பதிவுசெய்துவிடுகிறார். எமிஸ் எண் வழியாகவே ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளின் விவரம் தெரிந்துவிடுவதால், பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிச் சான்று வாங்கும் வேலையும் மிச்சமானது. இந்த அளவுக்கு எளிமையாக ஓர் அரசு உதவிக்கு நான் இதுவரை விண்ணப்பித்ததில்லை.

சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் பணம் வந்து மூன்று மாதம் ஆகியும் இவளுக்கு வரவில்லை. ஒருநாள் மாலை கல்லூரியிலிருந்து திரும்பிய கையோடு, “சித்தப்பா, எல்லாருக்கும் வந்துருச்சு, எனக்கு மட்டும் வரலையே, நான் ஏதும் தப்பா எழுதிட்டனா?” என்று அவள் கேட்டபோது, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கல்லூரியில் கேட்டால், பதிவு சரியாக இருக்கிறது, வங்கியில் பாருங்கள் என்றார்கள். வங்கியில் கேட்டால், ஆதார் இணைத்தாயிற்று, கல்லூரியில் பாருங்கள் என்றார்கள். இப்படியே இரண்டு வாரம் போயிற்று.

கடைசியில் விடையைச் சொன்னவர் எங்கள் ஊர்த் தபால்காரர். வங்கியில் அடையாளச் சான்றாக ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வந்து விழுவதற்காகத் வங்கிகளுக்கு இடையே பணம் போய்ச் சேருவதை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தில் (என்.பி.சி.ஐ.) அந்தக் கணக்கை ஆதாரோடு இணைக்கும் ‘சீடிங்’ என்பது வேறு என்று அவர் விளக்கினார். நாம் படிவத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தாலும், பணம் போய்ச் சேருவது கடைசியாகச் சீடிங் செய்த கணக்குக்குத்தான். ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. கொடுத்து உள்ளே நுழைந்து பார்த்தபோது, ஒன்பதாம் வகுப்பில் வேறொரு வங்கியில் தொடங்கி நாங்கள் மறந்தே போயிருந்த கணக்கின் வங்கிப் பெயர் அங்கே இருந்தது. அந்தக் கணக்கில் கொடுத்திருந்த கைபேசி எண்ணையும் நாங்கள் எப்போதோ விட்டுவிட்டதால் குறுஞ்செய்தியும் வந்து சேரவில்லை. பழைய பாஸ்புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போய் வரவு பதிந்து வாங்கினோம். 1,000 ரூபாய் வீதம் மூன்று வரிகள் அதில் அச்சாகியிருந்தன. முதல் பணத்தில் அவள் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கினாள். அதுவரை பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் இரவல் வாங்கித்தான் கணக்குப் போட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே சீடிங் நிலையைப் பார்த்துவிடுங்கள். வேறு கணக்கு காட்டினால், வேண்டிய வங்கியில் ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆதாரில் உள்ள கைபேசி எண் இப்போதும் கையில் இருக்க வேண்டும். கணக்கே இல்லாத பிள்ளைகளுக்குத் தபால்காரர் வழியாக அஞ்சலக வங்கிக் கணக்குத் தொடங்கி, அப்போதே சீடிங்கும் செய்துகொள்ளலாம்.

திட்டத்தில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. பணம் எந்த வங்கிக்கு அனுப்பப்பட்டது என்பதை மாணவியின் தற்போதைய எண்ணுக்கு ஒரு வரிக் குறுஞ்செய்தியாகத் தெரிவித்திருந்தாலே எங்கள் இரண்டு வார அலைச்சல் இருந்திருக்காது. அடுத்தது தகுதி விதி. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024-25 முதல் இதை விரிவுபடுத்தியது நல்ல செயல். ஆனால் அதே பள்ளியில், அதே ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து, ஆங்கில வழிப் பிரிவில் உட்கார்ந்த பெண்ணுக்கு இன்னும் இல்லை. வருமானத்தைப் பார்க்காமல் கொடுக்கிற திட்டம் பயிற்றுமொழியைப் பார்த்து ஒரு பெண்ணை விலக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தொகை போதுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விடுதிச் செலவுக்கு இது காணாது. ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் அப்பாவின் கையை எதிர்பார்க்காமல், தன் பெயரில் வரும் பணத்திலிருந்து ஒரு பெண் எடுத்துக் கட்டுகிறாள் என்பதை எங்கள் வீட்டில் நான் கண்ணாலேயே பார்க்கிறேன்.

அவள் தம்பியும் அரசுப் பள்ளியில்தான் படித்தான். மாணவர்களுக்கு இதே 1,000 ரூபாயை வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 முதல் நடப்பில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரமே அவனைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்ச் சீடிங்கை முடித்துவிட்டோம். இணையதளத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்தது அவன் அக்காதான்.