சனிக்கிழமை வகுப்பை நிறுத்தியிருக்க வேண்டாம்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக நாகர்கோவிலில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதம் படித்தேன். எனக்குக் குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். கட்டிய 12,000 ரூபாய் வீண் என்று சொல்லமாட்டேன். தமிழ் தகுதித் தேர்வு, பொது அறிவில் 45 கேள்வி, உளவியலில் 25 கேள்வி, எல்லாவற்றுக்கும் நன்றாகவே தயார் செய்தார்கள். பாதியிலேயே மூச்சிரைத்து நின்றுவிடுகிற நான் இப்போது 400 மீட்டரை 2 நிமிடம் 10 விநாடியில் முடிக்கிறேன். ஓட்டம் சொல்லித்தந்த அக்காவுக்கு நன்றி.

என் வருத்தம் சனிக்கிழமை வகுப்பு பற்றியது. பணி ஓய்வு பெற்ற எஸ்.ஐ. ஒருவர் மதியத்துக்கு மேல் வந்து, நம் மாவட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவார். முதல் நாளே ஒரு கேள்வி போட்டார்: "ஸ்டேஷனுக்கு ஒரு பாட்டி வந்து, 'மூணு நாளா வெள்ளம் வரல்ல பிள்ளே'ன்னு சொன்னா என்ன எழுதுவீங்க?" தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த தோழி, "வெள்ளம் வராதது நல்லதுதானே சார்?" என்றாள். எங்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் நான் மாட்டிக்கொண்டேன். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்பில் ஒரு தகராறு என்றால் முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்களின் தலைவரை மூட்டுக்காணி என்பார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான்! கடற்கரையில் தேவாலயத்தின் பங்குப்பேரவை, தேங்காப்பட்டணத்தில் பள்ளிவாசல் ஜமாத், மலையில் மூட்டுக்காணி என்று அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பற்றிப் பேசியபோது வகுப்பில் சத்தமே இல்லை. எங்கள் வீடுகளில் அதைப் பற்றிப் பாதியோடு நிறுத்திவிடுவார்கள்.

நான்கு வாரத்தோடு அந்த வகுப்பு நின்றது. "கேள்வித்தாளில் வராது" என்று சொல்லி, அந்த நேரத்தை உளவியல் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். கேள்வித்தாளில் வராதுதான். மாநிலம் முழுவதற்கும் ஒரே தேர்வு. எங்களை எங்கே போடுவார்கள் என்பதும் நம் கையில் இல்லை. அதனால் உள்ளூர் ஆள்தான் விண்ணப்பிக்கலாம் என்று நான் கேட்கவில்லை. உள்ளூரில் பிறந்தாலும் தெரியாது என்பதற்கு நானே சாட்சி. எந்த ஊருக்குப் போனாலும் யாரிடம், எதை, எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்ற பழக்கம் வேண்டும். அதை அந்த நான்கு சனிக்கிழமைகளில்தான் கற்றேன்.

5-க்கு 3 கொடுக்கிறேன். மதிப்பெண்ணுக்காகச் சேருகிறவர்கள் தைரியமாகச் சேரலாம். அப்புறம், சேரும்போதே சனிக்கிழமை வகுப்பு உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். நாங்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். எஸ்.ஐ. சாரும் கூப்பிட்டால் வரத் தயார் என்றுதான் சொல்கிறார்.